அவரவர் பக்கெட்டு

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடி காலையிலேயே மாலைகளில் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவற்றைப் படிக்கட்டுக் கைப்பிடியில் மாட்டினோம். கைப்பிடியும் நிறைந்தது. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில், எங்கள் பிளாக்கின் வாசலில், என் அம்மா ரமாபாய் படுத்திருந்தார். வெள்ளைப் புடவை. தலைமாட்டில் புத்தர் படம், மெழுகுவர்த்தி. முந்தின நாள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இதயம். அதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு சாவு எவ்வளவு பெரியது என்பதை மறுநாள் ரோட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வீட்டிலிருந்து மயானம் வரை பூ கிடக்கும். பூ வண்டியின் மேல் நிற்பவர்கள் மாலைகளைப் பிய்த்து எறிந்துகொண்டே போவார்கள். பூ எவ்வளவு தூரத்துக்குக் கிடக்கிறதோ செத்தவருக்கு அவ்வளவு மரியாதை. மறுநாள் காலையில் மாநகராட்சித் தொழிலாளர்கள் வந்து அதை வாருவார்கள்.

அம்மா தன் சாவைப் பற்றி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். தனக்காக வரும் பூவை யாரும் குனிந்து ரோட்டிலிருந்து வாரக் கூடாது.

வல்லரசு அண்ணன் காலையிலிருந்து எல்லா வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கிரவுண்டில் கால்பந்து சொல்லிக்கொடுப்பவர். அவருடைய டீமுக்கு ஜெர்சி தைத்துக் கொடுத்தது அம்மா. அழுது வீங்கிய முகத்தோடு என்னிடம் வந்தார்.

"நிலவா, வண்டி மேல நாங்க நாலு பேரு ஏறிக்கறோம். எடுக்கறப்ப மாலைங்கள மேல தூக்கிக் குட்துடு."

"அண்ணா, பூ எறிய வேணாம்."

"இன்னா சொல்ற?"

"அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க."

"டேய், ரமாம்மா சாவுடா இது. பூ எறியாம எட்னு போனா பாக்கறவன் இன்னா சொல்வான்? அநாதப் பொணம்னு சொல்வான். அத்தக் கேட்டுகினு நான் சும்மா வரணுமா?"

அவர் சொன்னதிலும் தவறில்லை. எங்கள் ஆட்களின் பிணம் மெயின் ரோட்டில் மோளத்தோடும் பூவோடும் போவதென்பது சும்மா கிடைத்ததல்ல. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம் சரி என்று சொன்ன வாயும் அதுதான். "எடுக்கறதுக்குள்ள சொல்றேண்ணா" என்றேன். எடுப்பது மூன்று மணிக்கு என்று பேச்சு.

அம்மா ஏன் அப்படிக் கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குத் தாத்தாவிலிருந்து தொடங்க வேண்டும்.

தாத்தாவின் பெயர் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காததால், இதுவாவது தங்கட்டும் என்று வைத்த பெயர். மாநகராட்சியில் துப்புரவு வேலை. மகளுக்கு ரமாபாய் என்று அவரே பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் வகுப்பைப் பெருக்கும் வேலையை மகளிடம் மட்டும் கொடுக்கிறார்கள் என்று தெரிந்த அன்று, வேலை உடுப்போடு ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நின்றார். "என் பொண்ணு பெருக்கும் சார். எல்லாப் புள்ளைங்களும் முறை வெச்சுப் பெருக்கட்டும், அதுவும் பெருக்கும்." முறை வந்தது. அம்மா தன் முறையில் பெருக்கினார். இந்தக் கதையை அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்று எனக்குக் கணக்கில்லை.

சாவு ஊர்வலம் போன ரோடுகளில் பூ வாருவதும் தாத்தாவின் வேலை. செவ்வந்தி வாசனை அவருக்கு ஆகாது. தாத்தா செத்தபோது அவருடைய தோஸ்துகள் மயானம் வரை பூ எறிந்தார்கள். மறுநாள் காலை அம்மா பால் வாங்கப் போனார். நேற்றுப் பூ எறிந்த அதே தோஸ்துகள், காக்கி உடுப்பில், அதே பூவை வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அன்று டியூட்டி. அம்மாவைப் பார்த்ததும் ஒருவர் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாராம்.

பால் வாங்காமல் திரும்பி வந்துவிட்டார் அம்மா.

அவர் தண்டையார்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்தார். கம்பெனி மூடியதும் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தார். அப்பா ரயில்வேயில் கேங்மேன், சீக்கிரம் போய்விட்டார். என்னை பாலிடெக்னிக் படிக்க வைத்தது அந்த மிஷின்தான். நான் எண்ணூரில் ஒரு ஆலையில் அளவுக் கருவிகளைப் பராமரிக்கிறேன்.

அம்மா குப்பையை மக்க வைக்கத் தொடங்கியது ஒரு டிசம்பர் வெள்ளத்தால். தண்ணீர் கீழ்த்தளத்துக்குள் புகுந்தது. தெருமுனைத் தொட்டியில் இருந்ததெல்லாம் மிதந்து உள்ளே வந்தது. கீழ்த்தளத்தில் இருக்கும் சபீஹா அம்மாவின் அடுப்படியில், சோறும் முட்டை ஓடும் டயப்பரும் பாலிதீன் பையும் இடுப்பளவு தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தன. நாங்கள் மூன்றாவது மாடி. அம்மா இறங்கிப் போய் ஒத்தாசை செய்தார். ஒரு பை கையில் தட்டுப்பட்டது. உள்ளே துண்டுத் துணிகள். எங்கள் வீட்டு ஜாக்கெட் வெட்டல்கள்.

"நான் போட்டது உன் வூட்டுக்கு வந்துகீது சபீஹா" என்றார்.

"ஆமா, கூரியர்ல வந்துச்சு" என்றார் சபீஹா அம்மா. "கையெழுத்துப் போட்டு வாங்கிகினேன்."

தண்ணீர் வடிந்த பிறகு அம்மா பழைய சாமான் கடையிலிருந்து ஒரு நீல பேரல் வாங்கி வந்தார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சிச் சுற்றிலும் ஓட்டை போட்டார். பிளாக்கின் பின்புறச் சுவரோரம், செங்கல் மேல் தூக்கி வைத்தார். எங்கள் வீட்டு அடுப்படிக் கழிவு மட்டும் அதற்குள் போயிற்று. கொஞ்ச நாளில் நாறியது. சபீஹா அம்மா ஜன்னலைத் திறந்து கத்தினார்: "ரமாக்கா, உன் பேரலு செத்துப்போச்சா இன்னா? அடக்கம் பண்ணு, நான் வந்து ஒப்பாரி வெக்கறேன்."

விஷயம் எளிது. உள்ளே ஈரம் அதிகம், காற்று இல்லை. ஈரக் கழிவுக்கு மேல் ஒவ்வொரு தடவையும் காய்ந்த பொருள் ஒரு படலம் போடணும் என்றேன். அம்மாவிடம் காய்ந்த பொருள் நிறைய இருந்தது. துண்டுத் துணி. "எல்லாம் காட்டன், மக்கிடும்" என்றார். ஜாக்கெட் தைப்பவருக்கு அதைவிட வசதியான காய்ந்த பொருள் எங்கே கிடைக்கும்? நாற்றம் நின்றது. அம்மாவுக்கு ஒரே பெருமை.

மாதங்கள் கழித்துப் பேரலைக் கவிழ்த்தோம். மண் நல்ல கறுப்பு. ஆனால் அதற்குள் சிவப்பு, பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ நிறம். காட்டன் என்று கடைக்காரன் கொடுத்த துணியில் பாதி பாலியஸ்டர். பருத்தி மக்கிவிட்டது, மிச்சம் நூலும் வலையுமாக அப்படியே இருந்தது. மண்ணை அள்ளினால் பின்னாலேயே கலர் கலராக வால் வந்தது.

"ஜிகினா மண்ணு ரமாக்கா இது" என்றார் சபீஹா அம்மா. "கல்யாணத்துக்குக் கட்டிகினு போலாம்."

அம்மா கோபப்படவில்லை. மொத்த மண்ணையும் பரப்பி உட்கார்ந்து நூல் நூலாகப் பிரித்தார். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எந்த நூலாக இருந்தாலும் முனையைத் தீக்குச்சியில் காட்டுவார். சாம்பலாக உதிர்ந்தால் பேரலுக்குள். சுருண்டு உருண்டால் வெளியே. துணிக்குப் பதில் கரும்புச் சாறு வண்டிக்காரரிடமிருந்து சக்கையும், மர அறுவைப் பட்டறையிலிருந்து தூளும் வந்தன. ஆலையில் கழித்துப் போட்ட ஒரு டயல் தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கி வந்து, அளவு சரிபார்த்து, பேரலுக்குள் செருகிக் கொடுத்தேன். மக்கும் சூட்டில் முள் அறுபதைத் தொட்ட காலை, கீழிருந்து மூன்றாவது மாடிக்குக் குரல் கொடுத்தார். "நைனா, ஜொரம் அடிக்குது. இறங்கி வந்து பாரு." பிளாக்கே எட்டிப் பார்த்தது.

அடுத்த மழைக்கு முன் சபீஹா அம்மா தன் குப்பையோடு வந்தார். அதற்குப் பின் மற்ற வீடுகள். ஆனால் அவர்கள் பையைக் கட்டிக்கொண்டு வந்து பேரலின் அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு.

அம்மா அந்தப் பைகளைத் தொடவில்லை. அவை அங்கேயே அழுகின. ஈ மொய்த்தது. பிளாக் கூடியது.

"இன்னா ரமாக்கா, குப்பையப் போடச் சொல்ட்டு அப்டியே உட்டுட்ட? ஒரே கலீஜாக் கீது."

"கொண்டாந்து கொட்டச் சொன்னேன். என் தலைல கொட்டச் சொல்லல. யாரு பையோ அவங்க வந்து பிரிங்க. யாரு பக்கெட்டோ அவங்க வந்து கவுருங்க. மேல ஒரு பிடி தூளு போடுங்க, கைய கயுவிகினு போங்க. அவ்ளோதான் வேலை."

"நீ அங்கதான நிக்கற, ஒரு கை தட்டி உட்டா இன்னா?"

"எங்கப்பா தட்டி உட்டாரு, ஊரு குப்பைய, சாவற வரைக்கும். அவரு பொண்ணு தட்டாது. நீயும் எவன் குப்பையயும் தட்டாத. உன்னுத நீ பாரு."

கூட்டம் கலைந்தது. பைகள் நகரவில்லை. நாற்றம்தான் கடைசியில் ஜெயித்தது. இரண்டாவது மாடி ஆம்பிளை ஒருவர், பக்கெட்டைத் துண்டால் மூடிக்கொண்டு, பல் விளக்கப் போகிறவர் மாதிரி இறங்கி வந்தார். அம்மா அவரை நேருக்கு நேர் பார்க்காமல் தூள் மூட்டையை மட்டும் நகர்த்தி வைத்தார். கொஞ்ச நாளில் துண்டு போயிற்று. பேரல்கள் பெருகின. காலையில் பின்புறம் பக்கெட்டோடு ஆம்பிளைகளும் பொம்பளைகளும் நிற்பார்கள். கிரிக்கெட், கரண்ட் கட், யார் வீட்டில் மீன் குழம்பு என்பதெல்லாம் அங்கே பேசித் தீரும். எங்கள் பிளாக்கிலிருந்து தெருத்தொட்டிக்குப் போவது மக்காத குப்பை மட்டும் என்றாயிற்று. கிரவுண்டில் கோல் போஸ்ட் முன்னால் இன்று புல் இருக்கிறது. எங்கள் மண்ணில் வளர்ந்த புல். வல்லரசு அண்ணன் கோல்கீப்பர்களை அதில் விழச் சொல்லிக் கொடுப்பார்.

ஒரு நாள் வெள்ளத்துரை வந்தார். கட்சியின் வட்டச் செயலாளர். கெட்ட மனிதரில்லை. பக்கத்தில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக்கு அவர்தான் வேலையாட்கள் பிடித்துக் கொடுப்பவர்.

"ரமாம்மா, அந்த பிளாட்டுக்காரங்க குப்பைய தினம் நீங்க எட்னு வந்து மக்க வெச்சிடுங்க. உங்க பிளாக்கு பொம்பளைங்க பத்துப் பேருக்கு வேலை. யூனிபார்ம், தொப்பி, கையுறை, மாசச் சம்பளம். நான் பேசிட்டேன்."

"அவங்களுக்கு லிப்ட்டு கீதா?"

"கீது."

"அப்ப பக்கெட்ட எட்னு கீய வர்றது கஷ்டமில்ல."

"வேலை வருதும்மா. வேணான்றியே."

"வேணாங்கல வெள்ளத்துரை. பேரல்ல எப்டி ஓட்டை போட்றது, எப்டி அடுக்கறது, எல்லாம் சொல்லிக் குடுக்கறேன். அதுக்கு சம்பளம் குடுக்கச் சொல்லு, வாங்கிக்கறேன். தொடப்பத்த மட்டும் எங்க கைல குடுக்காத."

அவர் முகம் சுருங்கிப் போனது. ஆனால் போய்ச் சொல்லியிருக்கிறார். சில வாரங்கள் கழித்து அந்த அடுக்குமாடியின் கூட்ட ஹாலில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். "மொதல்ல உங்க குப்பைய நீங்க மோந்து பாருங்க" என்று ஆரம்பித்தார். அவர்கள் மோந்து பார்த்தார்கள். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில், "எப்டி நைனா பேசுனேன்?" என்று கேட்டார். "நல்லா பேசுனம்மா" என்றேன். பஸ் வரும் வரை சிரித்துக்கொண்டே நின்றார்.

அந்த வாரம்தான், மண் சலிக்கும்போது, பூ விஷயத்தைச் சொன்னார்.

"நான் செத்தா மாலை போடாதன்னு சொல்ல மாட்டேன். பாசத்துல போடுவாங்க, போடட்டும். ரோட்ல எறிய வேணாம். எங்கப்பா கூட வேலை செஞ்சவங்க வூட்டுப் புள்ளைங்கதான் இன்னிக்கும் வாருது. எனக்காக அதுங்க குனியக் கூடாது."

"இன்னாம்மா, இப்ப போயி."

"இப்பதான் கை வேலையா கீது. சரின்னு சொல்லு."

"சரி" என்றேன்.

மூன்று மணி நெருங்கியது. மோளக்காரர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பூ வண்டி வந்து நின்றது. வல்லரசு அண்ணனும் டீம் ஆட்களும் ஏறுவதற்குத் தயாராக நின்றார்கள். நான் வண்டியின் படியருகே போய் நின்றேன். வழியை மட்டும் அடைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது சபீஹா அம்மா எழுந்து வந்தார். ஐஸ் பெட்டியின் மேலிருந்த மாலைகளைக் கிளறி, ஒரு சம்பங்கி மாலையை உருவினார்.

"எங்க எட்னு போறீங்க?" என்றார் வல்லரசு அண்ணன்.

"இது நான் கொண்டாந்தது. என் மாலை." தரையில் உட்கார்ந்தார். நூல் முனையைத் தேடிப் பிடித்து, தலைமாட்டு மெழுகுவர்த்தியில் காட்டினார். சாம்பலாக உதிர்ந்தது. "காட்டன்தான் ரமாக்கா" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார். பிறகு அழுதார். அழுதுகொண்டே பூவை உதிர்த்து மடியில் சேர்த்தார்.

இரண்டாவது மாடி ஆம்பிளை வந்து தன் மாலையைத் தேடினார். அவர் மனைவி வந்தார். காலையில் பக்கெட்டோடு நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கைப்பிடியிலிருந்தவையும் இறங்கின. எது யாருடையது என்று சின்னச் சண்டைகூட நடந்தது. ஜரிகையும் பிளாஸ்டிக் நாரும் ஒரு பக்கம் குவிந்தன. பூ மடிகளில் சேர்ந்தது.

வல்லரசு அண்ணன் வண்டியை விட்டு என் பக்கம் வந்தார்.

"நிலவா, பூ எறியக் கூடாதுன்னு சொன்னாங்களா, ரோட்ல எறியக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"ரோட்லண்ணா."

அவர் மோளக்காரர்களிடம் போனார். "வண்டி அப்புறம். மொதல்ல பின்னால போறோம். பேரலாண்ட. அடிங்க." டீமின் ரோஜா மாலையைத் தானே எடுத்துப் பிரிக்க உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து வெள்ளத்துரை வந்தார். அவருடைய மாலையை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஆள் உயரம். நடுவில் தெர்மாகோல் உருண்டைகள், ஜிகினா, அவர் பெயர் அச்சடித்த ரிப்பன். அம்மாவின் காலடியில் வைத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. நகரப் போனபோது வல்லரசு அண்ணன் தரையிலிருந்தே சொன்னார்.

"அண்ணே, உங்க மாலை."

"ஆமா. நம்முதுதான்."

"பிரிக்கணும்."

"பிரிங்கப்பா. ஆளு இல்லியா இன்னா?"

"கீறாரு. நீங்கதான்."

மோளம் நின்றுவிட்டது. வெள்ளத்துரை எங்கள் எல்லாரையும் பார்த்தார். மடி நிறையப் பூவோடு பிளாக்கே தரையில் உட்கார்ந்திருந்தது. அவருடைய ஆட்களில் ஒருவன் குனிந்தான். அவர் கையை நீட்டி அவனைத் தடுத்தார்.

"செத்தும் உட மாட்டேன்ற, ரமாம்மா" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்தார். நான் மேலே போய் அம்மாவின் தையல் கத்தரிக்கோலை எடுத்து வந்து கொடுத்தேன். அவருக்குப் பழக்கமில்லை. தெர்மாகோல் உருண்டைகள் உருண்டு ஓடின. துரத்திப் பிடித்தார். யாரும் சிரிக்கவில்லை, சபீஹா அம்மாவைத் தவிர.

"இத்த இன்னா பண்றது?" என்றார், உருண்டைகளை இரண்டு கையிலும் ஏந்தி.

"மக்காதுங்கண்ணே. உங்க வூட்டுக்கு எட்னு போங்க" என்றேன்.

ஒரு பையில் கட்டி காரில் வைத்தார். ரிப்பனை மடித்துத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

அம்மாவைத் தோளில் எடுத்தோம். பிளாக்கைச் சுற்றிப் பின்புறம் போனோம். மோளம் உச்சத்தில் இருந்தது. பேரல்களின் மூடிகள் திறந்திருந்தன. அம்மா கடந்துபோகும்போது, ஒவ்வொருவரும் தங்கள் மடியிலிருந்த பூவை அள்ளிப் பேரலுக்குள் எறிந்தார்கள். மேலே ஒரு பிடி மரத்தூள் போட்டார்கள். வல்லரசு அண்ணன் வாய்விட்டு அழுதுகொண்டே எறிந்தார். நான் ஒரு கையால் தோள் கட்டையைப் பிடித்தபடி, மறு கையால் என் பூவை எறிந்தேன்.

பிறகு மெயின் ரோட்டில் மயானம் வரை போனோம். கூட்டம் பாலம் வரை நின்றது. அநாதைப் பிணம் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் டீ வாங்க இறங்கினேன். எங்கள் தெருவைப் பெருக்கும் அம்மு அக்கா பெரிய தள்ளுவண்டியோடு வந்திருந்தார். கூடவே இன்னொரு ஆளையும் கூட்டி வந்திருந்தார். பெரிய சாவு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். இரண்டு பேரும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு ரோட்டின் அந்தக் கோடியையும் இந்தக் கோடியையும் பார்த்தார்கள்.

"தம்பி, நேத்து சாவு இந்தத் தெருதான? வேற தெருவா?"

"இதே தெருதான்க்கா."

"ரமாம்மாதான?"

"ஆமா. எங்கம்மா."

அவர் மறுபடியும் ரோட்டைப் பார்த்தார். நான் கடைக்காரரிடம் இன்னும் இரண்டு டீ சொன்னேன். மூன்று பேரும் உட்கார்ந்து குடித்தோம்.